குளியலறைக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள்

என் அம்மாவுக்கு,

நீ இருந்திருந்தால் இதை அடுப்படியில் நின்றபடியே சொல்லி முடித்திருப்பேன். நீ போன இந்த மூன்று வருடத்தில் வீட்டில் நடந்த முதல் பெரிய வேலை இது, அதனால் எழுதுகிறேன். செண்பகனூர் வீட்டின் உள்கதவுகளுக்குப் பூட்டும் கைப்பிடியும் மாற்றியாகிவிட்டது. எல்லாக் கதவுக்கும் இல்லை. ஆறில் மூன்றுக்கு மட்டும்.

நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன் என்று தெரிந்தால் நீயே நம்பமாட்டாய். வாசலில் ஆள் வந்தால் உன்னை அனுப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறவள் நான். ஆனாலும் இன்னொரு வீட்டிலும் இப்படி ஒரு கதவு இருக்கலாம், அதைப் பற்றி அங்கேயும் யாரும் பேசாமல் இருக்கலாம் என்று தோன்றியது.

கதவு விஷயத்துக்கு வருமுன் அந்த நாளைச் சொல்லவேண்டும். அதில் பாதிதான் உனக்குத் தெரியும்.

நான் கொடைக்கானல் டவுனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியபோது மணி பதினொன்று இருக்கும். அப்பா பின்பக்கம் உட்கார்ந்து பூண்டைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். சரவணன் அண்ணன் வண்டியில் டூரிஸ்டுகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான். குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கை கழுவலாம் என்று தட்டினேன். நீ பதில் சொல்லவில்லை. மறுபடி தட்டினேன். அப்புறம் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் தோளால் இடித்துப் பார்த்துவிட்டுக் கடப்பாரை எடுத்து வந்தார். கதவு திறக்க எத்தனை நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. தாழ்ப்பாள் வளையவே இல்லை. நிலைக்கால்தான் பிளந்தது.

மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது, கதவு திறந்தே கிடந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் அம்மா எங்கள் இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். நாங்கள் தலையாட்டினோம். நான் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை என்று பின்னால்தான் தெரிந்தது.

அந்தத் தாழ்ப்பாள் நான் வாங்கியது. உனக்கு ஞாபகம் இருக்கும். வடகவுஞ்சிக் கூட்டு வீட்டை விட்டு வந்து இந்த வீட்டை வாங்கியபோது குளியலறைக் கதவில் ஒரு வெள்ளைப் பீங்கான் குமிழும் சாவி தொலைந்த பழைய பூட்டும்தான் இருந்தன. ஒரு ஆணியும் அதில் மாட்ட ஒரு கயிற்று வளையமும் போட்டுச் சமாளித்தோம். பிளஸ் டூ படிக்கும்போது அந்தக் கயிற்றோடு எனக்கு ஒத்துவராமல், சேர்த்துவைத்த காசில் எட்டு அங்குலத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்தேன். கடையிலேயே கெட்டியானது எது என்று கேட்டு வாங்கினேன். அப்பாதான் நீளத் திருகாணிகளாகப் பார்த்து முடுக்கிக் கொடுத்தார். நான் வாங்கினேன், அவர் முடுக்கினார். மூன்று வருடம் இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை நடக்கவில்லை.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வடகவுஞ்சியிலிருந்து வந்த நம் ஆட்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, அப்பா திருப்புளியை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். உள்ளே இருந்த தாழ்ப்பாள், கொண்டி எல்லாவற்றையும் கழற்றினார். ஓட்டைகளில் மெழுகை உருக்கி அடைத்தார். வாசல் கதவையும் பின்கதவையும் மட்டும் விட்டுவைத்தார். அண்ணனும் நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யார் தடுப்பது?

அதிலிருந்து குளியலறைக்கு ஒரு சட்டம் வந்தது. உள்ளே போகிறவர் வெளியே ஆணியில் துண்டைத் தொங்கவிட வேண்டும். அப்பாவுக்குக் காசித்துண்டு, எனக்குப் பச்சைத்துண்டு. அண்ணனுக்குத் துண்டு போட மறந்துபோகும் என்பதால் அவன் உள்ளே போனால் பாடவேண்டும். அவன் பாட்டு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். விருந்தாளிகளுக்கென்று ஒரு சிவப்புத்துண்டும் இருந்தது. மூன்று வருடமும் ஒரு விபத்தில்லாமல் ஓடியது. சிரிப்பதற்கும் இருந்தது, பழகியும் போனது. என் அறைக் கதவுக்கு மட்டும் நான் பழகவில்லை. வீட்டிலிருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன் என்பதால் நாள் முழுக்க அந்த அறையில்தான் இருப்பேன். காற்றடித்தால் கதவு தானே திறக்கும். சாத்திவிட்டு வந்து உட்காருவேன். மறுபடி திறக்கும். அதற்கு ஒரு தாழ் கேட்க எனக்கு என்ன உரிமை என்று இருந்துவிட்டேன்.

இப்போது நல்ல சேதி. அண்ணனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். பெண் பவானி, பழனிக்காரி. அடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பம். அண்ணன் வண்டியில் ஒருமுறை மலைக்கு வந்தவர்கள்தான். மற்றதை அவனே உன் படத்துக்கு முன் நின்று சொல்லியிருப்பான். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் இந்த வீட்டில்தான் இருக்கப்போகிறார்கள்.

ஐப்பசி மழையில் அவர்கள் வீடு பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, காபி எல்லாம் ஒழுங்காகப் போனது. அப்புறம் பவானியின் சித்தி குளியலறைக்குப் போனார். போன வேகத்தில் கதவு திறந்தது. தலை மட்டும் வெளியே வந்தது.

"ஏம்மா, தாப்பா எந்தப் பக்கம் இருக்கு? கதவ மேலயும் கீழயும் தடவிப் பாத்துட்டேன், ஒண்ணத்தையும் காணமே."

"தாப்பா இல்லைங்க. துண்டு தொங்குனா யாரும் வரமாட்டாங்க."

"துண்டா?"

"அந்தச் சிவப்புத்துண்டு உங்களுக்குத்தாங்க."

அவர் சிவப்புத்துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ இங்ஙனயே நில்லு" என்றார். நான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "நிக்கிறியாம்மா?" "நிக்கிறேங்க." "போயிறாத." "போகலைங்க."

கிளம்பும்போது படியில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் பொதுவில் சொன்னார்: "வீடு அம்சமா இருக்கு. எங்க பிள்ள வர்றதுக்குள்ள அந்தக் கதவ மட்டும் பாத்துருங்க." ஒரு நொடி விட்டு, அண்ணனையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்லாக் கதவையும் பாத்துருங்க" என்றார்.

அண்ணனுக்குக் காது வரைக்கும் சிவந்துபோனது. மறுநாள் அப்பாவிடம் அவன் பேசிய அழகை நீ கேட்டிருக்க வேண்டும். வண்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்பா, என் ரூமுக்கு ஒரு தாப்பா போட்டா என்ன?"

"எதுக்குலே?"

அண்ணன் பள்ளத்தாக்கில் ஏறி வருகிற மஞ்சைப் பார்த்தான். "காத்துக்குப்பா. கதவு அடிக்குதுல்ல."

"ஒரு கல்ல முட்டுக் குடு."

அவன் வாளித் தண்ணீரை டயரில் ஊற்றிவிட்டு என்னிடம் வந்து, "நீ படிச்சவ, நீ பேசு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவனும் படித்தவன்தான்.

நான் நேராகவே பேசினேன். வருகிற பெண் நமக்காகத் துண்டு சட்டத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, அவள் பிறந்த வீட்டில் கதவுக்குத் தாழ் இருக்கும், இங்கேயும் இருக்க வேண்டும் என்றேன். அப்பா காய்ந்த பூண்டுத் தண்டைக் கிழித்துக்கொண்டே கேட்டார். "கைப்பிடிய மாத்து. கீல மாத்து. பெயிண்டு அடி. தாப்பா மட்டும் இந்த வீட்டுக்கு வேணாம்." அதற்கு மேல் பேசியிருந்தால் அடுத்த வாக்கியத்தில் உன் பெயர் வரும். அதற்கடுத்ததில் என் தாழ்ப்பாள் வரும். எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்வது என் வழக்கம், அது மாறவில்லை. குளியலறைக்கென்றே ஒரு பூட்டு இருக்கிறது, அம்மா. உள்பக்கம் விரலால் திருப்ப ஒரு சின்னத் திருகு. வெளிப்பக்கம் அதே இடத்தில் மெல்லிய பிளவு. உள்ளே யாராவது விழுந்துவிட்டால் வெளியிலிருந்து அந்தப் பிளவில் ஒரு காசை நுழைத்துத் திருப்பினால் திறந்துகொள்ளும். சாவி வேண்டாம், கடப்பாரை வேண்டாம். இதைப் படித்துவிட்டுக் கொஞ்சநேரம் போனைக் கவிழ்த்துவைத்தேன். நான் பிளஸ் டூ படிக்கும்போதும் இது கடையில் இருந்திருக்கும். நான் கேட்டது கெட்டியானது எது என்று மட்டும்தான்.

முதலில் ஆன்லைனில் ஒன்றை வரவழைத்தேன். உருண்டைக் குமிழ், நடுவில் திருகு, பார்க்க அழகாக இருந்தது. ஆசாரி செல்வம் அதைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பேத்துப்பாறையிலிருந்து வருகிறவர், நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது.

"இது பிளைவுட் கதவுக்கு உள்ளது தங்கச்சி. இத மாட்டணும்னா இம்மாம் பெரிய ஓட்டை போடணும். ஒங்க கதவுல ஏற்கெனவே பழைய பூட்டுக்குக் குடைஞ்ச குழி இருக்கு. ரெண்டும் சேந்தா அந்த எடத்துல மரமே இருக்காது. ஒரு நா கைப்பிடிய இழுத்தீங்கன்னா கைப்பிடி ஒங்க கையோட வந்துரும், கதவு அங்கயே நிக்கும்."

"அப்ப என்ன வாங்குறது?"

"நீளத் தகடு வச்சது வாங்குங்க. பழைய குமிழு ஓட்டை, சாவி ஓட்டை, அம்புட்டையும் தகடு மூடிக்கும். கைப்பிடி உருண்டையா வேணாம், நீட்டுக் கைப்பிடி. ஈரக் கையோட ஐயா திருப்ப வேணாமா? முழங்கையால அமுக்குனாலும் தொறக்கணும்."

பித்தளை வேண்டாம் என்றார், இந்த மஞ்சில் ஆறு மாதத்தில் கறுத்துவிடுமாம். முலாம் பூசியதும் வேண்டாம், கொப்பளித்து உரியுமாம். எவர்சில்வரே போதும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, பலகை எத்தனை கனம், பழைய குழி எத்தனை ஆழம் என்று ஒவ்வொன்றாக அளந்து என் நோட்டில் எழுதவைத்தார். மூன்று கதவுகள் நிலையில் உரசிக்கொண்டிருந்தன. இழைத்துவிடுங்கள் என்றேன். சிரித்தார். "மழையில ஊதின கதவ எழச்சா, தையில காத்தடிக்கையில இடுக்குல பூனை போகும். மார்கழி வரட்டும், தானா வத்தும். வத்துனதுக்கப்புறம் எது உரசுதோ அத மட்டும் பாப்போம்." மார்கழியில் இரண்டு தானாகச் சரியாகிவிட்டன. ஒன்றை மட்டும் இழைத்தார்.

பீங்கான் குமிழ்களை என்ன செய்வது என்று அண்ணன் கேட்டான். ரிசார்ட்காரர்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்றான். அப்பா அறை, சாமி அறை, பூண்டு அறை மூன்றுக்கும் தாழ் தேவையில்லை, அதனால் அங்கே அவை அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். குமிழ் ஆடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் உள்ளே ஓடுகிற சதுரக் கம்பி தேய்ந்ததுதான். செல்வம் கம்பியை மட்டும் மாற்றினார். பழசு என்பதற்காக எதையும் தூக்கிப் போடவில்லை, பழசு என்பதற்காக எதையும் வைத்துக்கொள்ளவும் இல்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போனேன். கடைக்காரர் அளவுகளைப் பார்த்ததுமே, "பாத்ரூம் செட்டா? எத்தனை?" என்றார்.

"ரெண்டு."

"பாத்ரூமு ஒண்ணு, இன்னொண்ணு?"

"அண்ணன் ரூமுக்கு."

"ஒங்க ரூமுக்கு வேணாமா?"

"வேணாங்க."

அவர் சும்மா வியாபாரத்துக்குக் கேட்டார். நான் பஸ்ஸில் மலையேறி வருகிறவரை அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். வருகிற மருமகளுக்காகத் தாழ் கேட்கலாம், அதில் நியாயம் இருக்கிறது. எனக்காகக் கேட்டு வாங்கிய தாழ் ஏற்கெனவே ஒன்று இருந்தது. அது என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். இப்படித்தான் அன்றைக்கு நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து அப்பாவிடம் காட்டினேன். பிளவில் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் திருப்பினேன். அவர் பூட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்பத் திருப்பிப் பார்த்தார்.

"வெளிய இருந்து தொறக்குமா?"

"தொறக்கும்பா."

"எந்நேரமும்?"

"எந்நேரமும்."

"ம்" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முழுச் சம்மதம் இல்லை என்பது பூட்டு மாட்டிய அன்று தெரிந்தது.

அன்று எனக்கு அறையில் வேலை. அப்பா செல்வத்தின் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். உளிச் சத்தம் நின்று கொஞ்சநேரத்தில் அண்ணனின் சத்தம் கேட்டது.

"அப்பா, தொறங்க!"

"நீயே தொற, பாப்போம்."

"எதத் திருகுறது? இங்க திருகே இல்ல, ஒரு கோடு மாதிரி ஓட்டைதான் இருக்கு."

"காச வச்சுத் திருப்பு."

"காசுக்கு எங்க போவேன்? எங்கிட்ட இருக்கதெல்லாம் போன்லதான் இருக்கு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். விரல்திருகு வெளிப்பக்கம் இருந்தது. காசு போடும் பிளவு உள்பக்கம். செல்வம் இரண்டு கையையும் தூக்கினார். "நான் ரெண்டு தடவ கேட்டேன் தங்கச்சி. ஐயாதான் மாத்தி மாட்டச் சொன்னாக."

அப்பா ஸ்டூலை விட்டு எழவில்லை. "உள்ள இருக்கவுகளுக்கு எதுக்குத் திருகு? வெளிய இருக்கவனுக்குத்தான வெரசாத் தொறக்கணும்?"

"ஐயா, அப்படிக் கட்டுறதுக்குத் தனியாக் கவருமெண்டு ஆளு வச்சிருக்கு" என்றார் செல்வம். "உள்ள போறவனுக்குச் சோறும் போடுவாக."

உள்ளேயிருந்து அண்ணனும் சிரித்தான். நான் திருகைத் திருப்பி அவனை வெளியே விட்டேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "வேணும்னு செய்யல" என்றார், யாரிடமும் இல்லாமல். "வெளியில கைக்கு வாட்டமா இருக்கட்டும்னுதான்."

செல்வம் மறுபேச்சில்லாமல் கழற்றி, திருகை உள்பக்கமும் பிளவை வெளிப்பக்கமுமாக மாற்றி மாட்டினார். அண்ணன் அவரை டீ குடிக்க ரோட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டில் நானும் அப்பாவும்தான்.

அவர் சட்டைப் பையில் துழாவி ஒரு காசை எடுத்தார். "உள்ள போ பாப்பா. தாப்பாப் போடு."

போனேன். மூன்று வருடத்தில் அந்தக் கதவை உள்ளேயிருந்து தாழிடுவது அதுதான் முதல் தடவை. திருகு லேசாகத் திரும்பி ஒரு சின்ன ஒலியோடு நின்றது. வெளியே காசு தகட்டில் உரசியது, நழுவித் தரையில் உருண்டது. "இரு" என்றார். குனிந்து தேடுவது கேட்டது. மறுபடி உரசல். கதவு திறந்தது.

"எம்புட்டு நேரம்?"

"ஒரு பதினஞ்சு எண்ணலாம்பா."

"இன்னொரு தடவ."

நாலு தடவை செய்தோம். பதினைந்து பத்தாகி, எட்டாகி, ஆறானது. ஐந்தாவது தடவை நான் தாழிட்டபிறகு வெளியே ஒரு சத்தமும் இல்லை.

"அப்பா?"

"இரு. தொறக்காத."

நின்றேன். கொஞ்சம் கழித்து அவர் பேசினார். முகத்துக்கு நேராக அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசினார்.

"ஒங்கம்மா தெனமும் இதுக்குள்ள சும்மா ஒக்காந்திருப்பா, தெரியுமா ஒனக்கு?"

"தெரியாதுப்பா."

"தண்ணியத் தொறந்து விட்டுட்டு ஒக்காந்திருப்பா. வாளி நெறஞ்சு வழியும். நான் வெளிய நின்னு, ஏ, தண்ணி வீணாப் போகுதும்பேன். போகட்டும்னு சொல்லுவா. வடகவுஞ்சி வீட்டுல பதினோரு பேரு. குளிக்கிறதுக்குச் சாக்குப் படுதாதான். பகல்ல கதவச் சாத்துனா என்ன சண்டைன்னு தெருவுல கேப்பாக. நீ அந்தத் தாப்பாள வாங்கியாந்த அன்னைக்கு என்ன சொன்னா தெரியுமா? கல்யாணமாகி வந்ததுல இருந்து இன்னைக்குத்தான்யா பத்து நிமிசம் தனியா இருந்தேன்னா."

நான் திருகின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

"அன்னைக்கும் தண்ணி வழியிற சத்தம் கேட்டுச்சு. ஒக்காந்திருக்கா, ஒக்காரட்டும்னு இருந்துட்டேன். பூண்டு கட்டுனேன். எத்தனை கட்டுக் கட்டுனேன்னு தெரியல. நீ வந்து தட்டுன பெறகுதான் எனக்கு..." அங்கே நிறுத்திவிட்டார்.

மூன்று வருடமாக நான் வைத்திருந்த வாக்கியத்தை அப்போதுதான் சொன்னேன். "அப்பா, அது நான் வாங்குன தாப்பா."

"ஆமா. அதுக்கென்ன?"

"அது இல்லாம இருந்திருந்தா..."

"அது இல்லாம இருந்திருந்தா அவளுக்கு அந்தப் பத்து நிமிசமும் இருந்திருக்காது."

அவர் காத்திருந்தது தவறில்லை என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் அம்மா சொன்னதையே இன்னொரு தடவை சொன்னேன். கதவு திறந்தே இருந்திருந்தாலும் முடிந்திருக்காது என்று. கதவுக்கு அப்பால் "ம்" என்று ஒரு சத்தம். நம்பினாரா என்று தெரியாது. ஆனால் இந்த முறை நான் அதைச் சொல்லிக்கொண்டே கேட்டேன், எனக்கு அது வேறு மாதிரி கேட்டது.

பிறகு காசு உரசியது. மூன்று எண்ணுவதற்குள் கதவு திறந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்துச் சொன்னார்: "கை பழகிருச்சு."

செல்வம் டீ குடித்துவிட்டு வந்து, அடுத்தது எந்தக் கதவு என்றார்.

"சரவணன் ரூமு. அதுக்கடுத்துப் பாப்பா ரூமு."

"தங்கச்சி ரூமுக்கு வாங்கலையேய்யா. ரெண்டுதான் இருக்கு."

அப்பா என்னைப் பார்த்தார். "ஏன் வாங்கல?"

நான் கீழே கிடந்த காலிப் பெட்டியை எடுத்து மடக்கினேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. மறுநாள் வெள்ளனே எழுந்து, குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, என் நோட்டிலிருந்து அந்தத் தாளைக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டார். என்ன சோலி என்று கேட்ட அண்ணனிடம், "மருமக வர்றா, வீட்டுல ஆயிரம் சோலி கெடக்கு" என்றாராம். மத்தியானம் பெட்டியோடு வந்தார். அதே அளவு, அதே எவர்சில்வர். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார். அப்பா கடை வாசலிலேயே நின்று, கதவைத் திறந்துகொண்டு உள்ளே போவதுபோல் நடித்துக் காட்டினாராம். இதை அவரே எனக்குச் சொன்னார், கொஞ்சம் பெருமையோடு.

துண்டு சட்டம் ஒழிந்தது. அண்ணன் மட்டும் பழக்கதோஷத்தில் இன்னும் பாடுகிறான். பவானிக்குப் போனில் பூட்டின் படத்தை அனுப்பியிருக்கிறான் போல. "சித்தியம்மா பாத்துட்டாக, சரின்னுட்டாக" என்று பதில் வந்ததாம்.

நேற்று காலை பத்து மணிக்கு என் அறைக் கதவைச் சாத்தித் தாழிட்டேன். அன்று வேலை எதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். காற்று வந்து கதவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனது. கொஞ்சநேரத்தில் காலடி கேட்டது. கைப்பிடி அசையவில்லை. காசுச் சத்தமும் இல்லை. இரண்டு தட்டு.

"பாப்பா."

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. இருக்கியான்னுதான்."

"இருக்கேன்பா."

"சரி, இரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பத்து நிமிடங்களில் நீ என்ன நினைத்துக்கொண்டிருப்பாய் அம்மா? கணக்கா, கோபமா, ஒன்றுமே இல்லையா? எங்களில் யார் முகமாவது வந்திருக்குமா, இல்லை, யார் முகமும் வராமல் இருக்கத்தான் போனாயா? அப்பாவிடம் கேட்டால் அவருக்குத் தெரிந்ததைச் சொல்வார். கேட்கப்போவதில்லை. அதை உனக்கென்று நீ சாத்தி வைத்திருந்தாய்.

நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லி முடிக்கிறேன். இந்த வீட்டில் இனி யார் கதவைச் சாத்தினாலும் எதற்கு என்று கேட்கமாட்டேன், வரப்போகிற பவானியை வேறு யாரும் கேட்கவும் விடமாட்டேன். ஆனால் தண்ணீர்ச் சத்தம் நீண்டால் தட்டுவேன், பதில் வரும்வரை நகரமாட்டேன். நான் உள்ளே இருக்கும்போது அப்பா கூப்பிட்டால், எந்த வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும், முதல் குரலுக்கே "இருக்கேன்பா" என்பேன்.

உன்னைப் போலவே கொஞ்சநேரம் தனியாக இருக்கத் தெரிந்த
உன் மகள்,
மலர்